பிரேக் அக்காவும் நாலு தந்தியும்

பின்விளக்கு சிவப்பாக எரிகிறது, அணைகிறது. ஐந்தாறு மூச்சுக்குப் பிறகு மறுபடியும் எரிகிறது. கார் நகரவில்லை, இஞ்சின் ஓடவில்லை. பயிற்சி மைதானத்தின் ஓரத்தில், மதில் நிழலில், கூரையில் மஞ்சள் பலகை மாட்டிய அந்தச் சின்ன வெள்ளைக் கார் நின்ற இடத்திலேயே பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறது. பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர் அது கிளம்பப் போகிறதென்று நினைத்து ஒதுங்கினார். காத்திருந்தார். பொறுமை போய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே நகர்ந்தார்.

உள்ளே பிரேக் அக்கா யுகுலேலே என்ற குட்டி கிட்டார் பழகிக்கொண்டிருந்தார்.

பயிற்சிக் கார்களில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவரின் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் இருக்கும் பயிற்சியாளரின் காலடியில். அந்தப் பக்கத்து இருக்கைதான் இருபது வருடத்துக்கு மேலாக அக்காவின் அலுவலகம். மடியில் வாத்தியம் இருக்கிறது, இப்போது யாரும் யாரையும் இடிக்கப் போவதில்லை என்பதெல்லாம் அவருடைய வலது காலுக்குத் தெரியாது. விரல் தப்பான இடத்தில் பட்டதும் கால் தானாகப் போய் அழுத்திவிடும். கூடவே கையும் நின்றுவிடும். ஆகவே அக்கா எத்தனை தடவை சறுக்கினார் என்று தெரிந்துகொள்ள இசைஞானம் தேவையில்லை. காருக்குப் பின்னால் நின்றால் போதும்.

நானும் அவரிடம் ஓட்டப் பழகியவன்தான். குடியிருப்பில் எனக்கு எதிர்க்கதவுக்காரரும் அவரே. அதனால் இந்தச் சித்திரத்தை எழுதும் உரிமை எனக்கு இரண்டு வழியில் வருகிறது. எழுதப் போகிறேன் என்று சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "படம் போடுவாங்களா தம்பி? போட்டா சொல்லுங்க, தலைக்குச் சாயம் அடிக்கணும்."

குட்டையான உருவம். மணிக்கட்டை விடப் பெரிய கடிகாரம். பெடலின் அசைவு பாதத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகத் தாள் மாதிரி மெல்லிய அடி வைத்த துணி ஷூ. கார்க் கதவின் பையில் எப்போதும் தொண்டைக்கு மிட்டாய் இருக்கும்; கத்திக் கத்திப் போன தொண்டை. ஆனால் கத்தல் கோபத்தில் வருவதில்லை. "பயப்படாதீங்க, உங்களுக்கும் சேர்த்து நான் பயந்துட்டிருக்கேன், ஒரு வண்டிக்கு அது போதும்" என்று ஒவ்வொரு புது ஆளிடமும் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் ஒரு தடவை பிரேக்கை அழுத்தியிருப்பார். மைதானத்தில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பிரேக் அக்கா என்றால் டீக்கடைக்காரர்கூட வழி காட்டுவார்.

வண்டியை விட்டு இறங்கினாலும் இந்தக் குணம் இறங்குவதில்லை. பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநருக்குப் பதிலாகக் காலை உதைத்துக்கொள்வார். சினிமாவில் கதாநாயகன் வண்டியைச் சீறவிட்டால் இவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அடுத்தவர் தப்பு செய்யப் போகிறார் என்ற வாடை அடித்தால் போதும், இவர் அதற்கு முன்பே போய் நின்றுவிடுவார். சாலையில் இதனால் எத்தனையோ பேர் கைகால் முழுசாக வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அதில் நானும் ஒருவன் என்பதால் இதை நையாண்டியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருடைய கணவர் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அரைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். லென்ஸ்காரர் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல உயரம், சட்டைப் பையில் எந்நேரமும் மடித்த துடைப்புத் துணி. எதிரில் வருகிறவரின் கண்ணாடி அழுக்காக இருந்தால் கேட்காமலேயே கழற்றித் துடைத்து மாட்டிவிடுவார். அவருக்குப் பேச்சு திக்கும். சில எழுத்துகள் அவரை வாசலிலேயே நிறுத்திவைத்துவிடும். இதை அவர் ஒரு பெரிய குறையாக எடுத்துக்கொண்டதில்லை. "வ-வரும். என்ன, கொஞ்சம் லே-லேட்டா வரும்" என்பார்.

தொல்லை அவரிடத்தில் இல்லை, எங்களிடத்தில்தான். வார்த்தை அவர் நாக்கில் நின்றுகொண்டிருக்கும்போதே நாங்கள் அதைப் பிடுங்கி முடித்துவைத்துவிடுவோம். உதவி செய்கிறோமாம். இந்த உதவியில் எங்கள் எல்லோரையும் மிஞ்சியவர் அக்கா. அவர் வாயைத் திறக்கும்போதே இவருக்கு வாக்கியத்தின் கடைசி தெரிந்துவிடும், அல்லது தெரிந்துவிட்டதாகத் தோன்றும். ஒருமுறை தையல்கடையில் லென்ஸ்காரர், "இந்தப் பேன்ட்டைக் கொஞ்சம் லூ..." என்று இழுத்திருக்கிறார். அக்கா குறுக்கே பாய்ந்து, "நீளத்தைக் குறைக்கணும், அதானே?" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டார். அவர் கேட்க வந்தது இடுப்பை லூசாக்கச் சொல்லி. அந்த வருடம் முழுக்கக் கணுக்கால் தெரிய, வயிறு பிதுங்க அதே பேன்ட்டில் வேலைக்குப் போனார். ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன். "அவ ஆ-ஆசையா சொல்லிட்டா" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசு கொஞ்சம் சங்கடப்படவும் செய்தது.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஓய்வு பெறும் நாள் வந்தது. பட்டறையில் ஒரு வழக்கம்: விடைபெறுகிறவர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று ரெண்டு வார்த்தை பேச வேண்டும். மற்றவர்களுடைய விழாக்களில் கடைசி வரிசையில் நின்று கைதட்டிவிட்டு நழுவியவர், தன்னுடையதில் எங்கே நழுவுவது? சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் முடிவாக அறிவித்தார்: "அன்னைக்கு லீ-லீவு போட்டுடறேன்."

"உங்க வழியனுப்புக்கு நீங்களே லீவா? நல்லா இருக்கே!" என்றார் அக்கா. சிரித்தாரே தவிர உள்ளுக்குள் ஆடிப்போய்விட்டார் என்று பிறகு என்னிடம் சொன்னார். அத்தனை வருடம் ஒரே இடத்தில் குனிந்து உழைத்த மனிதர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பின்வாசல் வழியாகப் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவருக்காகத் தானே எழுந்து நன்றி சொல்லிவிடட்டுமா என்றுகூடக் கேட்டிருக்கிறார். லென்ஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டாராம்.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம். இது தினமும் கேட்கிறதுதான். பாட்டில் அவருக்குத் திக்காது. எழுத்துகள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும், முண்டியடிக்காது. இத்தனை வருடம் அதைக் கேட்டுக்கொண்டே பல் தேய்த்த அக்காவுக்கு அன்றுதான் பொறி தட்டியது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். "ஏங்க, பேச வரலைன்னா போகட்டும். பாடிடுங்களேன்!"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு உள்ளிருந்து, "யா-யாரு வாசிப்பா?" என்று கேள்வி வந்தது.

நியாயமான கேள்வி. துணைக்கு ஒரு வாத்தியம் இல்லாவிட்டால் லென்ஸ்காரரின் பாட்டு இறக்கத்தில் விட்ட வண்டி. முதல் அடியில் நடக்கும், இரண்டாவதில் ஓடும், நாலாவதில் அவருக்கே மூச்சு வாங்கும். சுருதியும் மாடிப்படி ஏறிவிடும். பக்கத்தில் யாராவது தாளம் பிடித்துக் கூடவே நடந்தால் அவரும் நடப்பார். பாட்டு பற்றி அவருக்குக் கவலை இல்லை. அரைக்கும் மேடையில் நின்றபடியே நன்றி உரையைப் பாட்டாகக் கட்டிவிட்டார். அதில் ஒரு சரணம்:

"ஓரம் தேய்ச்சோம், நடுவும் தேய்ச்சோம்,
ஊரே பார்க்க உட்கார்ந்து தேய்ச்சோம்;
எங்க கண்ணு மங்கிப் போச்சு,
கண்ணாடி மட்டும் பளிச்சுன்னு ஆச்சு!"

வாத்தியத்துக்கு வழி சொன்னவள் அக்காவிடம் அப்போது ஓட்டப் பழகிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரி. முப்பதைத் தாண்டிய, யாருக்கும் எளிதில் அசைந்துகொடுக்காத பெண். ஓட்டுநர் தேர்வில் மட்டும் இரண்டு தடவை அசைந்துவிட்டாள். கடையில் ஆள் வராத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து யுகுலேலே வாசிப்பாள். "நாலே நாலு தந்திக்கா. நைலான்தான், விரலைக் கிழிக்காது. தந்தில விரல் வெக்கிற நாலு பிடி தெரிஞ்சா அண்ணனோட பாட்டு வந்துடும். நான் கத்துத்தரேன். அதுக்கு நீங்க எனக்கு அந்த வளைவுல பின்னாடி எடுக்கிறதை இன்னொரு வாட்டி முதல்ல இருந்து சொல்லித்தரணும்" என்றாள். அன்றிலிருந்து முதல் பாதி நேரம் அக்கா ஆசிரியை, மறு பாதி நேரம் மாணவி. இடம் ஒன்றுதான், அதே கார்.

வாத்தியம் வாங்கிய இரண்டாம் நாளே அக்கா இசைக்கருவிக் கடைக்குச் சண்டைக்குப் போனார். கிட்டாரில் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தந்திதான் தடித்தது என்று எங்கோ பார்த்து வைத்திருக்கிறார். இதில் மேல் தந்தி மெலிசாக, உச்சக் குரலில் கீச்சென்றது. "மாத்திக் கட்டியிருக்கீங்க" என்று மேசையில் வைத்தார். யுகுலேலேயில் அப்படித்தான் கட்டுவார்கள் என்று கடைக்காரர் பொறுமையாகச் சொல்லி, சுவரில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிக் காட்டினார். எல்லாம் ஒரே மாதிரி கீச்சிட்டன. அக்கா அசரவில்லை. "அப்ப எல்லாத்தையும் தப்பாவே கட்டியிருக்கீங்களே!" என்றுவிட்டு வந்தார். மருந்துக்கடைக்காரி சொன்ன பிறகுதான் நம்பினார். அப்போதும் அரை மனசுதான்.

முதலில் அவருக்குக் கைவந்தது ஒவ்வொரு தந்தியாகக் கிள்ளி வாசிப்பது. மேல் இரண்டு தந்திக்கும் கட்டைவிரல், மூன்றாவதுக்கு ஆள்காட்டி விரல், கடைசிக்கு நடுவிரல். ஒரு விரல் இன்னொன்றின் வேலையில் தலையிடக் கூடாது. இந்தப் பங்கீடு அக்காவுக்கு உடனே பிடித்துப்போனது. "கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மாதிரி. அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு" என்றார். பாட்டுக்கு முன்னால் வரும் சின்ன முகப்பை இப்படிக் கிள்ளியே வாசிப்பதென்று முடிவாயிற்று. வலக்கை நகங்களை வளர்த்தார், இடக்கை நகங்களை ஒட்ட வெட்டினார். ஒரு கை கல்யாணத்துக்குப் போகிற கை, ஒரு கை பாத்திரம் தேய்க்கிற கை என்று பயிற்சிப் பள்ளி முதலாளி கேலி செய்தார்.

வினை வந்தது நாலு தந்தியையும் சேர்த்து வாரும் ஸ்ட்ரம்மிங்கில். கீழே போகும்போது ஆள்காட்டி விரலின் நகம் பட வேண்டும், மேலே வரும்போது அதே விரலின் சதை. முழங்கை அசையக் கூடாது, மணிக்கட்டு மட்டும் சுழல வேண்டும். "பழைய தெர்மாமீட்டரை உதறுவோமே, பாதரசம் இறங்க, அந்த மாதிரிக்கா" என்று செய்து காட்டினாள் மருந்துக்கடைக்காரி. அக்கா உதறிய உதறலில் முதல் வாரம் கைக்கடிகாரம் இரண்டு முறை கழன்று விழுந்தது.

பிறகு அந்த வெறும் வீச்சு. கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல் என்று போகும் தாளத்தில் ஒரு இடத்தில் கை கீழே இறங்க வேண்டும், ஆனால் தந்தியில் படக் கூடாது. அக்காவுக்கு இது அவமானமாக இருந்தது.

"படாததுக்கு எதுக்கு வீசணும்? அந்த நேரத்துல கையை நிறுத்தி வெச்சுக்கிட்டா என்ன?"

"நிறுத்தினா தாளம் போயிடும்க்கா. சத்தம் வந்தாலும் வராட்டியும் கை போய்க்கிட்டே இருக்கணும். சிக்னல்ல நிக்கிறப்ப வண்டி நியூட்ரல்ல இருக்கில்ல, இஞ்சின் ஓடுதில்ல? அப்படித்தான்."

அக்கா காற்றில் ஒரு வெறும் வீச்சு வீசிப் பார்த்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல!" என்றார். அன்றிலிருந்து அவர் கை நியூட்ரலில் ஓட ஆரம்பித்தது. சோறு வடியக் காத்திருக்கும்போது ஓடும். போனில் பேசும்போது தொடையில் ஓடும். ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஒருவர் அக்காவின் கை ஆடுவதைப் பார்த்து, இடப்பக்கம் திரும்பச் சொல்கிறார் என்று நினைத்து, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டின் வளாகத்துக்குள் காரைக் கொண்டுபோய்விட்டார். வீட்டுக்காரர் விருந்தாளி என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டாராம்.

கார்ட் என்று இசைக்காரர்கள் சொல்வதை அக்கா பிடி என்றே சொல்வார். அவரிடம் நாலு பிடி உண்டு. ஒரே விரலில் முடிகிற பிடிகள் இரண்டு. இரண்டு விரல் பிடி ஒன்று. மூன்று விரலும் முக்கோணமாக உட்கார வேண்டிய பிடி ஒன்று. அந்த முக்கோணத்தைத்தான் அவர் எதிரி என்று குறிப்பிடுவார். மற்ற மூன்றிலிருந்தும் எதிரிக்கு மாறும்போது இடக்கை தடுமாறும். தடுமாறியதும் கால் அழுத்தும், வலக்கை நிற்கும், பின்விளக்கு எரியும். ஒவ்வொரு சரணத்திலும் நாலாவது வரிக்கு முன்னால் எதிரி வந்து நின்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒத்திகைக்கு என்னை ரசிகனாக அழைத்தார்கள். எதிர்வீட்டுக் கூடம். சன்னலோரம் அக்கா நாற்காலியில், லென்ஸ்காரர் நின்றுகொண்டு. முகப்பு தேன். முதல் மூன்று வரி கணீர் என்று வந்தது. இந்த மனிதருக்கா பேச்சு திக்குகிறது என்று நான் வியக்கத் தொடங்கிய நேரத்தில் எதிரி வந்தான். அக்கா நின்றார். அவரும் நின்றார்.

"ஸாரிங்க. மறுபடி மூணாவது வரியிலேருந்து, வாங்க" என்று அக்கா வாசித்தார்.

லென்ஸ்காரரின் வாய் திறந்தது, வரி வரவில்லை. "எ... எ... எ..." என்று முதல் எழுத்திலேயே நின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போது வழுக்கிக்கொண்டு வந்த அதே வரி, நின்று தொடங்கினால் பேச்சாகிவிடுகிறது. தொண்டை நரம்பு புடைத்தது. அக்கா தன்னையறியாமல், "எங்க கண்ணு மங்கிப் போச்சு!" என்று எடுத்துக்கொடுத்தார். அதைக் கேட்டதும் அவர் வாயை மூடிக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்த துணியை எடுத்துத் தன் கண்ணாடியை அவர் நிதானமாகத் துடைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"த-தப்பா வாசி. பரவால்ல. நி-நிறுத்தாத மட்டும். நீ நின்னா நா-நான் மாட்டிக்குவேன்."

அக்கா அன்று மேற்கொண்டு வாசிக்கவில்லை. எனக்குக் கதவைத் திறந்துவிட வந்தவர் வாசலில் நின்று, "இத்தனை வருஷமா நிறுத்தச் சொல்லித்தான் தம்பி சோறு சாப்பிடறேன்" என்றார். பட்டறையின் பெரிய கூடத்தில், அத்தனை பேர் நடுவில், தன் விரல் தவறியதால் கணவர் வாய் அடைத்துப்போய் நிற்பதை அக்கா அப்போதே பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். விழாவுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட மருந்துக்கடைக்காரி வேறு மருந்து எழுதினாள். அன்றைய பாடம் முழுக்கத் தப்பாகவே வாசிக்க வேண்டும். எந்தப் பிடி வந்தாலும் வரட்டும், விரல் எங்கே விழுந்தாலும் விழட்டும், வலக்கை மட்டும் நிற்கக் கூடாது. எதிரிக்கு மாற நேரம் போதவில்லை என்றால் இடக்கையை முன்னதாகவே எடுத்துவிட்டு, கடைசி மேல்வீச்சை வெறும் தந்தியில் விட்டுவிடலாம், கேட்கிறவர்களுக்குத் தெரியாது என்றும் ஒரு தொழில் ரகசியம் சொல்லிக்கொடுத்தாள். பாடம் முடிந்து அக்கா வியர்த்து விறுவிறுத்து இறங்கினார். "தெரிஞ்சே தப்பு பண்ணிட்டுப் போறது எவ்வளவு கஷ்டம்னு இன்னைக்குத்தான் தெரியுது. திருடனுங்க எப்படித்தான் சமாளிக்கிறாங்களோ!"

பதிலுக்கு அவள் ஒரு சலுகை கேட்டாள். ஓட்டும்போது அக்காவும் பிரேக்கைத் தொடக் கூடாது. "நீங்க அழுத்திடுவீங்கன்னு தெரிஞ்சே நான் அழுத்தறதில்லைக்கா. தேர்வு அன்னைக்கு அந்த அதிகாரி அழுத்த மாட்டேங்கிறாரு." அக்கா இரண்டு காலையும் மடக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டு, சாமியார் மாதிரி உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்தார். கண்ணைப் பாதி நேரம் மூடிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அந்தப் பெண் மூன்றாவது தடவை தேறிவிட்டாள். தேறிய பிறகும் பாடம் நிற்கவில்லை.

விழாவன்று பட்டறையின் இயந்திரங்களுக்கு உறை போட்டிருந்தார்கள். நடுவில் நாற்காலிகள், ஓரத்தில் டீ, பிஸ்கட். காற்றில் மெருகுப் பொடியின் வாடை. நானும் மருந்துக்கடைக்காரியும் இரண்டாவது வரிசையில் இருந்தோம். லென்ஸ்காரர் இடுப்பு லூசான புதுப் பேன்ட் போட்டிருந்தார். மேலாளர் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, "இப்ப நம்ம அண்ணன் ரெண்டு வார்த்தை..." என்று இழுத்து, இழுத்ததே தப்போ என்று விழித்தார். அக்கா வாத்தியத்தோடு நாற்காலி நுனியில் போய் உட்கார்ந்ததும் கூடத்தில் ஒரு சலசலப்பு.

முகப்பைக் கிள்ளினார். பிறகு வலக்கை வாரத் தொடங்கியது. லென்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார் பாட்டை. முதல் சரணத்துக்கே சிரிப்பு. எதிரி வந்த இடத்தில் வெறும் தந்தி ஒலித்தது, எதிரி உட்கார்ந்தான், வரி தடையில்லாமல் கடந்து போனது. இரண்டாவது சரணமும் ஆயிற்று. மூன்றாவது சரணத்தில் மேலாளரைக் கிண்டல் செய்யும் வரி வந்தபோது அக்காவின் இடக்கை முக்கோணத்துக்குப் போகாமல் இரண்டு விரல் பிடியில் போய் உட்கார்ந்தது. கேட்க நன்றாகவே இல்லை. பக்கத்தில் மருந்துக்கடைக்காரி என் முழங்கையைப் பிடித்துவிட்டாள். அக்காவின் முகம் வெளுத்தது. கை மட்டும் கீழ், கீழ்-மேல் என்று தன் பாட்டுக்குப் போனது. லென்ஸ்காரர் அந்தக் கோணல் பிடியின் மேலேயே மேலாளரைக் கிண்டல் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். மேலாளர்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். நான் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் வலுத்தது. நிறுத்தாமல் வாசிக்கப் பழகியவர் முடிக்கப் பழகவில்லை போலிருக்கிறது, அக்காவின் கை ஒற்றை விரல் பிடியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்பாட்டின்படி லென்ஸ்காரர் கும்பிட்டுவிட்டு உட்கார வேண்டும். அவர் உட்காரவில்லை. மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அப்புறம், ஒ-ஒண்ணு. மூ..." என்றார். அங்கேயே நின்றுவிட்டார்.

கைதட்டல் அடங்கியது. "மூ... மூ..." என்று உதடு குவிந்தே இருந்தது.

"மூத்தவங்களுக்கு நன்றியா அண்ணே?" என்றார் மேலாளர் அன்பாக. லென்ஸ்காரர் இல்லையென்று தலையை ஆட்டினார். "மூச்சு வாங்குதா? தண்ணி வேணுமா?" என்றது இன்னொரு குரல். அதுவும் இல்லை. பிறகு கூடம் முழுவதும், வழக்கப்படி, அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அவருடைய வாய் திறப்பதைப் பார்த்தேன். வாக்கியம் அவரிடம் தயாராக இருந்தது, சந்தேகமே இல்லை.

அவர் அதைச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, தந்திகளை இன்னும் மென்மையாக வாரினார். அதே பிடி, அதே தாளம், திரும்பத் திரும்ப. கணவரைக்கூடப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ஒரு நிமிடம் போனதோ என்னவோ, பாட்டின் நடுவில் வரும் இடைவெளி மாதிரி அது யாருக்கும் கனக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் தாளத்துக்குக் காலைத் தட்டத் தொடங்கினார்.

"மூ-மூணாவது மெஷின் பெல்ட்டை மாத்துங்க" என்றார் லென்ஸ்காரர். "அது அ-அறுந்துடும். யாரு கையாவது போ-போயிடும். ரெண்டு வருஷமா சொ-சொல்ல வரேன். யாரும் மு-முழுசா கேக்க மாட்டேங்கிறீங்க."

மேலாளர் மடேரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க மூணாவது மெஷின்னு ஆரம்பிச்சப்பல்லாம் அது நல்லா ஓடுதுன்னு சொல்ல வர்றீங்கன்னு நெனச்சேனே!" கூடம் வெடித்துச் சிரித்தது. யாரோ எழுந்துபோய் உறையைத் தூக்கிப் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அய்யோ ஆமாய்யா" என்று கத்தினார். எல்லாரையும் விட அதிகமாக வியந்துபோயிருந்தவர் அக்கா. அவர் வைத்திருந்த வாக்கியம் இது இல்லை.

சிரிப்பு ஓய்வதற்குள் லென்ஸ்காரர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். அவரிடம் சொல்வதற்கும் ஏதோ இருந்தது போலிருக்கிறது. வாயைத் திறந்தார், முதல் எழுத்திலேயே நின்றார்.

அக்கா கையை நிறுத்தாமல், நாற்காலியில் உள்ளே தள்ளி உட்கார்ந்து, முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார்.